உடம்பு பூரா ஊருது, தோல்ல ஒண்ணும் தெரியல: அரிப்பு பத்தின கேள்வி பதில்

அரசு ஆஸ்பத்திரி தோல் ஓபில பதினெட்டு வருஷம் நர்ஸா இருந்தேன். மருந்து சீட்டு எழுதுற ஆள் நான் கிடையாது, ஆனா எந்த அரிப்புக்கு எங்க போகணும், டாக்டர்கிட்ட எதை மறைக்காம சொல்லணும்னு சொல்ல முடியும். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். அரிப்புக்கு காரணம் தோல்லதான் இருக்கணும்னு கிடையாது, ரத்தத்துல இருக்கலாம், ஈரல் கிட்னில இருக்கலாம், நரம்புல இருக்கலாம், மனசுலயும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் அரிக்கிறவங்களுக்கு அது நிஜ அரிப்புதான்.

கேள்வி: அக்கா, ஒரு மாசமா எனக்கும் ரெண்டு பசங்களுக்கும் ராத்திரி படுத்தா போதும், சொறிஞ்சு சொறிஞ்சு தூக்கமே இல்ல. பகல்ல அவ்வளவா தெரியல. மெடிக்கல்ல செட்ரிசின்னு அலர்ஜி மாத்திரை குடுத்தாங்க, தூக்கம் வருது, அரிப்பு போகல.

பதில்: வீட்ல ஒருத்தருக்கு மேல, அதுவும் ராத்திரில அரிக்குதுன்னா முதல் சந்தேகம் சிரங்குதான் தம்பி. பையன் கையை வெளிச்சத்துல பிடிச்சு விரல் இடுக்கை விரிச்சு பாருங்க, மணிக்கட்டு உள்பக்கமும் பாருங்க, பென்சிலால லேசா கிழிச்ச மாதிரி அரை சென்டிமீட்டர் கோடு, கோட்டு முனைல ஒரு சின்ன புள்ளி தெரிஞ்சா அதுதான் அந்த பூச்சி தோலுக்குள்ள குடைஞ்ச வழி. பூச்சி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. முதல் தடவை வரும்போது தொத்தி நாலஞ்சு வாரம் கழிச்சுதான் அரிப்பே ஆரம்பிக்கும், அதனால யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு தேடிட்டு இருக்காதீங்க, அழுக்கா இருக்கறவங்களுக்குத்தான் வரும்னு நினைக்கவும் வேண்டாம். டாக்டர் பாத்துட்டு பெரும்பாலும் பெர்மெத்ரின் 5% க்ரீம் எழுதுவாரு. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, அரிக்கிற இடத்துல மட்டும் தடவுறாங்க. கழுத்துக்கு கீழ உள்ளங்கால் வரைக்கும், தொப்புள், நகத்துக்கு அடில, இடுக்கு எல்லாம் ராத்திரி தடவி காலைலதான் குளிக்கணும். அரிப்பு இல்லாத பாட்டி உட்பட வீட்ல எல்லாரும் அதே ராத்திரி போடணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. பெட்ஷீட், துணி எல்லாம் சுடுதண்ணில துவைச்சு வெயில்ல போடுங்க, துவைக்க முடியாததை பைல கட்டி ஒரு வாரம் வச்சிருங்க, மனுஷ உடம்பு இல்லாம அது ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வீட்ல இருந்தா டாக்டர்கிட்ட தனியா கேட்டுக்கோங்க.

கேள்வி: அதே மருந்து போட்டு பத்து நாள் ஆச்சு, இன்னும் அரிக்குதே? தினமும் போடட்டுமா?

பதில்: வேண்டாம்மா. செத்த பூச்சியோட மிச்சம் தோல்லயே இருக்கும், அதுக்கு ரெண்டு மூணு வாரம் அரிக்கத்தான் செய்யும். தினமும் தடவினா க்ரீமே எரிச்சலை கிளப்பிடும். புதுசா புள்ளி வந்தா மட்டும் திரும்ப காட்டுங்க.

கேள்வி: தொடை இடுக்குல வட்டமா படர்தாமரை. மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாரு, போட்டா ரெண்டு நாள்ல போயிடுது, விட்டா டபுளா வருது. எட்டு மாசமா இதே கதைதான் மேடம்.

பதில்: அந்த ட்யூப்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க சகோ. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், இந்த மாதிரி பேர் இருந்தா அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் அடங்குறதால போயிடுச்சுன்னு நினைக்கிறோம், ஆனா தோலோட எதிர்ப்பு சக்தியை அமுக்கி வச்சுட்டதால உள்ள பூஞ்சை நிம்மதியா வளருது. கடைசில அந்த வட்டமே கலைஞ்சு போயி, பாக்குற டாக்டருக்கே என்னன்னு பிடிபடாத மாதிரி ஆகிடும். தொடைத் தோல் மெலிஞ்சு வரி வரியா கோடு விழுந்து வந்த இருபது வயசு பசங்கள எத்தனை பேரை பாத்திருக்கேன், அந்த கோடு திரும்ப மறையாது, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். அந்த ட்யூபையே கையில எடுத்துட்டு தோல் டாக்டர்கிட்ட போங்க. பூஞ்சை மருந்து வாரக்கணக்குல போகும், படர்தாமரை மறைஞ்ச மறுநாளே நிறுத்தாதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, சுகர் பதினோரு வருஷமா. கால்ல எறும்பு ஊருதுன்னு லைட்ட போட்டு போட்டு பாக்குறாங்க, ஒண்ணும் இல்ல. தோலும் நல்லாதான் இருக்கு.

பதில்: தோல் நல்லா இருந்து ஊரல் மட்டும் இருந்தா நரம்பை யோசிக்கணும். சுகர் நாள்பட்டா நரம்பு கெடுறது கால்ல இருந்துதான் ஆரம்பிக்கும், ரெண்டு பாதத்துலயும், ராத்திரி ஜாஸ்தியா. அம்மா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை எடுக்கறாங்களா? வருஷக்கணக்கா எடுத்தா வைட்டமின் பி12 குறையும், அதுக்கும் இதே ஊரல் வரும், சுத்த சைவம்னா இன்னும் குறையும். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. பி12, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), தைராய்டு, ரத்தத்துல இரும்பு அளவு, இதெல்லாம் பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கிட்னி கெட்டா வர்ற அரிப்பு பெரும்பாலும் முதுகுல ஜாஸ்தி இருக்கும், எந்த க்ரீமுக்கும் கேக்காது. அப்புறம் தினமும் பாதத்தை திருப்பிப் பாருங்க, உணர்ச்சி குறைஞ்ச கால்ல முள்ளு குத்தினாலும் அம்மாவுக்கு தெரியாது.

கேள்வி: எட்டாம் மாசம். உள்ளங்கை உள்ளங்கால் மட்டும் ராத்திரி பயங்கர அரிப்பு. மாமியார் கர்ப்பத்துல எல்லாருக்கும் வரும்னு சொல்றாங்க.

பதில்: வயிறு விரியும்போது வயித்துத் தோல் அரிக்கிறது சகஜம், அதைத்தான் அத்தை சொல்றாங்க. உள்ளங்கை உள்ளங்கால்ல, தடிப்பு எதுவும் இல்லாம அரிக்குதுன்னா அது வேற. பித்தநீர் சரியா இறங்காம ரத்தத்துல தேங்கியிருக்கலாம், அது ரொம்ப ஏறினா வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆபத்து. நாளைக்கு செக்கப் வரும்போது கேட்டுக்கலாம்னு விடாம இன்னைக்கே போங்கம்மா, பைல் ஆசிட் (பித்த அமிலம்) டெஸ்டும் ஈரல் டெஸ்டும் எடுக்கணும்னு வாய் விட்டு கேளுங்க. குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க.

கேள்வி: அப்பா தினமும் குடிப்பாரு, நாங்க சண்டை போட்டு முந்தாநாள்ல இருந்து நிறுத்திட்டாரு. இப்ப உடம்புல பூச்சி ஊருதுன்னு தட்டி தட்டி விடுறாரு, கை நடுங்குது.

பதில்: இது தோல் சமாச்சாரம் இல்லப்பா, உடனே 108ஐ கூப்பிடுங்க. வருஷக்கணக்கா குடிச்சவங்க டக்குனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல இப்படி வரும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். போற இடத்துல குடியை எப்ப நிறுத்தினாருன்னு மறைக்காம சொல்லுங்க.

கேள்வி: குளிச்சு முடிச்சா பத்து நிமிஷம் உடம்பே அரிக்குது, ஏன்?

பதில்: பாதிப் பேருக்கு சுடுதண்ணியும் சோப்பும்தான். வெதுவெதுன்னு குளிங்க, ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெய் இல்லன்னா வாசலின் தடவுங்க. மாத்தியும் குறையலன்னா சிபிசின்னு ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட் ஒண்ணு எடுங்க, சிவப்பணு அளவுக்கு மீறி கூடினா குளிச்சதும் அரிக்கும்.

கேள்வி: பெரியம்மா ஆறு மாசமா தோலுக்குள்ள புழு ஓடுதுன்னு சொல்றாங்க. மூணு டாக்டர் பாத்து ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஒரு டப்பால என்னமோ சேத்து வச்சிருக்காங்க. ஃபினாயில் தடவி கையெல்லாம் புண்ணு. பைத்தியமாயிட்டாங்களா?

பதில்: அந்த வார்த்தை வேண்டாம் தங்கம், அவங்க காதுல விழவே கூடாது. அந்த டப்பா எனக்கு தெரிஞ்ச டப்பா. எங்க ஓபிக்கு ஒரு அம்மா மாத்திரை டப்பால கொண்டு வந்தாங்க, பஞ்சு நூல், தோல் செதில், காஞ்ச ரத்தத் துணுக்கு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா பேப்பர்ல மடிச்சு தேதி போட்டு வச்சிருந்தாங்க. டாக்டர் அதை ஒதுக்கித் தள்ளாம மைக்ராஸ்கோப்ல ஒவ்வொண்ணா வச்சு பாத்தாரு, அவங்களையும் பாக்க வச்சாரு, அதுக்கு அப்புறம்தான் அந்த அம்மா உக்காந்து பேசவே ஆரம்பிச்சாங்க. கார்ல் ஆக்செல் எக்போம்னு சுவீடன் டாக்டர் 1938லயே, இல்லாத பூச்சி தோலுக்குள்ள இருக்குன்னு மனசு உறுதியா நம்புற இந்த நோயைப் பத்தி விவரமா எழுதியிருக்காரு, நிறைய பேர் தீப்பெட்டில போட்டு கொண்டு வந்ததால டாக்டருங்க இந்த டப்பாவுக்கு தீப்பெட்டி அடையாளம்னே பேர் வச்சிருக்காங்க. ஆனா அந்த முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி சிரங்கு, பி12, தைராய்டு, சுகர், அவங்க சாப்பிடுற மாத்திரைங்க எல்லாம் பாத்து முடிச்சிருக்கணும், மாதவிடாய் நிக்கிற வயசுலயும் சிலருக்கு ஊரல் வரும். எல்லாம் பாத்தாச்சுன்னா மனநல டாக்டர் குடுக்குற மாத்திரைக்கு நல்லா கேக்கும். "புழு இருக்கு"ன்னு ஒத்து ஊதாதீங்க, "இல்லவே இல்ல"ன்னு சண்டையும் போடாதீங்க, "உங்களுக்கு ரொம்ப அரிக்குது, தூக்கமே இல்ல, அதுக்கு ஒரு வழி பாப்போம் பெரியம்மா"ன்னு கூட்டிட்டு போங்க. ஃபினாயிலை இன்னைக்கே எடுத்து மறைச்சிருங்க, அந்த புண்ணுக்கு மருந்து போட்டு விடுங்க, கையை பிடிச்சு போட்டு விட்டா நம்பிக்கை வரும்.

கேள்வி: இடுப்புல ஒரு பக்கம் மட்டும் ரெண்டு நாளா எரிச்சலும் ஊரலும், இன்னைக்கு கொப்புளம் வந்திருக்கு. அக்கின்னு எழுதச் சொல்றாங்க.

பதில்: அக்கிதான் மாதிரி தெரியுது. சின்ன வயசுல வந்த சின்னம்மை கிருமி நரம்புல தூங்கிட்டு இருந்து எழுந்திரிக்கறது அது. கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா பின்னாடி வர்ற நரம்பு வலி குறையலாம், காவி எழுதிட்டு அந்த மூணு நாளை விட்டுடாதீங்க. கண்ணு பக்கம் வந்தா இன்னும் அவசரம்.

கேள்வி: எனக்கு அரிப்பே இல்லக்கா. தோள்பட்டைல வெளிறிப் போயி தேமல் மாதிரி ஒண்ணு இருக்கு ரெண்டு வருஷமா. அரிக்காததால விட்டுட்டேன், பரவால்லதான?

பதில்: வெறும் தேமலாவே இருக்கலாம். ஆனா கண்ணை மூடிக்கோங்க, வீட்ல யாரையாவது பேனா முனையால அந்த இடத்துல லேசா தொடச் சொல்லுங்க, பக்கத்துல நல்ல தோல்லயும் தொடச் சொல்லுங்க. தேமல்ல தொட்டது தெரியலன்னா, இல்ல அங்க மட்டும் மந்தமா இருந்தா, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க. தொழுநோயான்னு அங்க பாத்து சொல்லிடுவாங்க. அப்படியே இருந்தாலும் மருந்து அங்க இலவசம், பயப்படாதீங்க. தொட்டது தெரிஞ்சாலும் ரெண்டு வருஷமா இருக்கறதை ஒரு தடவை காட்டிடுங்க.