கோஸ்டாரிகாவுக்கு டெட்ரா பேக் பழச்சாறு இறக்குமதி செய்து விற்றால் கட்டுபடியாகுமா?

கேள்வி கேட்டவர் ஆசியாவிலிருந்து ஒரு கண்டெய்னர் பழச்சாறு வரவழைத்து, தலைநகர் சான் ஹோசேயில் கடைகளுக்குப் போட நினைக்கிறார். ஆரஞ்சு, மாம்பழம், கொய்யா, லிச்சி என்று நான்கு சுவைகள். நான் அந்த ஊரில் உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஆரஞ்சைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். நாட்டின் வடக்கே சான் கார்லோஸ், லோஸ் சீலெஸ், குவானகாஸ்தே பக்கமெல்லாம் ஆரஞ்சுத் தோட்டங்கள்தான். சாற்றை அடர்த்தியாக்கி ஏற்றுமதி செய்யும் நாடு இது. 1990களின் கடைசியில் டெல் ஓரோ என்ற நிறுவனம் சாறு பிழிந்து மிஞ்சிய தோலை, 12,000 டன், குவானகாஸ்தே காப்புப் பகுதியின் தரிசு மேய்ச்சல் நிலத்தில் கொட்டியது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டு அதை நிறுத்தியது. பல வருடம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தால் அங்கே காடு வளர்ந்து நிற்கிறது! சுவையான கதைதான், ஆனால் வியாபாரிக்கு அதில் ஒரு சேதி உண்டு: தோலே இத்தனை டன் மிஞ்சுகிற ஊருக்கு ஆரஞ்சுச் சாறு கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

மற்ற சுவைகளுக்கும் அலமாரி காலியாக இல்லை. உள்ளூர் பால் கூட்டுறவான தோஸ் பினோஸ், குவாத்தமாலா பிராண்டான கெர்ன்ஸ், மெக்சிகோவின் ஹூமெக்ஸ், கோகோ கோலாவின் தெல் வாயே எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கின்றன. குவாத்தமாலாவிலோ எல் சால்வடாரிலோ தயாரான நெக்டர் (பழக்கூழில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்த பானம்) லாரியில் ஏறிச் சில நாட்களில் சுங்க வரி இல்லாமல் வந்துவிடும். அந்த நாட்டுச் சுகாதாரப் பதிவையும் மத்திய அமெரிக்க விதிகளின்படி இங்கே ஏற்றுக்கொள்வார்கள். அப்புறம், சோடா எனப்படும் சிறு உணவகங்களில் மதியச் சாப்பாட்டோடு காஸ் எனும் புளிப்புக் கொய்யா, தமரிந்தோ எனும் புளி, முள் சீதா என்று ஏதாவது ஒன்றில் ஃப்ரெஸ்கோ எனப்படும் பழப்பானம் கரைத்துத் தருகிறார்கள். மக்கள் பழச்சாறு குடிப்பது பெரும்பாலும் அங்கேதான், பேக்கில் அல்ல.

வரிக் கணக்கு சுருக்கமாக. முடிவுற்ற உணவுப் பொருளுக்கு வழக்கமான சுங்க வரி 14%, கூடவே 6946ஆம் எண் சட்டப்படி 1%. சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து 100 டாலர் என்றால் 115 ஆகிறது. அதன்மேல் ஈவா எனப்படும் மதிப்புக் கூட்டு வரி 13%, ஆக ஏறக்குறைய 130. ஈவாவை விற்பனையில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இதற்கு மேல் 2001ஆம் ஆண்டின் 8114ஆம் எண் சட்டம், பேக் செய்த பானம் ஒவ்வொரு 250 மில்லிக்கும் இத்தனை கொலோன் (உள்ளூர் நாணயம்) என்று ஒரு வரி போடுகிறது. விலையைப் பார்க்காது, அளவைத்தான் பார்க்கும். அதனால் மலிவுச் சரக்குக்குத்தான் அடி பலம். மெக்சிகோவோடு இவர்களுக்குத் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவோடு இல்லை.

சுங்கக் குறியீட்டையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். அசல் சாறு 2009 என்ற குறியீட்டில் வரும், தண்ணீர் கலந்த நெக்டர் 2202 என்ற குறியீட்டில் வரும். லேபிளில் ஒன்று, பில்லில் ஒன்று என்றிருந்தால் துறைமுகத்தில் நாள் போகும்.

ஒவ்வொரு சுவைக்கும் தனிச் சுகாதாரப் பதிவு எடுக்க வேண்டும். அது 5 வருடம் செல்லும். தயாராகும் நாட்டிலிருந்து தடையற்ற விற்பனைச் சான்றிதழ் (அங்கே அது சட்டப்படி விற்பனையாகிறது என்பதற்கு), அதற்கு அப்போஸ்டில் எனும் அரசு முத்திரை, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, ஸ்பானிஷ் லேபிள் எல்லாம் கேட்பார்கள். பதிவு கைக்கு வராமல் சரக்கை ஏற்றச் சொல்லாதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இதையெல்லாம் காசு கொடுத்தும் பொறுமையாக இருந்தும் சமாளிக்கலாம். சிறிய சந்தையில் ஆளைச் சாய்ப்பது காலாவதித் தேதி. 20 அடி கண்டெய்னரில் 1 லிட்டர் பேக் 18,000 அளவுக்குப் போகும், அதாவது 12 பேக் வீதம் 1,500 அட்டைப்பெட்டி. சாறு கனமான சரக்கு, 40 அடி எடுத்தாலும் எடை வரம்பு இடிக்கும். ஆயுள் 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பிலிருந்து கப்பல் ஏறி, கால்டெரா துறைமுகத்திலோ மொயின் துறைமுகத்திலோ இறங்கி, சுங்கம் தாண்டி, கிடங்குக்கு வர 3 மாதம் ஓடிவிடும். கடைசி 2, 3 மாதச் சரக்கைச் சங்கிலிக் கடைகள் தொடாது. போட்டு விற்காததைத் திருப்பியும் அனுப்பும், அந்தச் செலவு உங்கள் தலையில். கையில் இருப்பது 6 மாதம். 50 லட்சம் பேர் உள்ள நாட்டில், யாருக்கும் தெரியாத பிராண்டை மாதம் 250 பெட்டி வீதம் தள்ள வேண்டும். நான்கு சுவையும் ஒரே வேகத்தில் போகாது. மாம்பழம் தீர்ந்து கடைக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார், லிச்சி கிடங்கில் தூங்கும். மாம்பழத்துக்காக அடுத்த கண்டெய்னர் போட்டால் அதிலும் இடம் நிரப்ப வேறு ஏதாவது ஏற்ற வேண்டிவரும்.

கிடங்கை லிமோனிலோ புந்தாரெனாசிலோ எடுக்காதீர்கள், வாடகை எவ்வளவு குறைந்தாலும் சரி. கடலோர வெக்கையில் வைட்டமின் சி குறைந்து சாறு பழுப்பேறும், அட்டை ஈரம் குடித்து அடுக்கு சாயும். சான் ஹோசே 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பேக்கை விட்டுவிட்டுக் கூழைப் பார்ப்பேன். கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி, கிருமி நீக்கிய பையில் அடைத்து, 215 கிலோ டிரம்மில் அனுப்புகிறார்கள். 20 அடி கண்டெய்னரில் 80 டிரம், 17.2 டன். மாம்பழ நெக்டருக்குச் சர்வதேச கோடெக்ஸ் தரம் கேட்பது குறைந்தது 25% பழம். கணக்குப் போட்டால் ஒரு கண்டெய்னர் கூழிலிருந்து ஏறக்குறைய 69 டன் நெக்டர். சர்க்கரையும் தண்ணீரும் உள்ளூரிலேயே கிடைக்கும், அவற்றுக்குக் கப்பல் கூலி எதற்கு? கூழ் பொதுவாக 18 மாதமாவது தாங்கும், நெக்டரின் ஆயுளோ நிரப்பிய நாளில்தான் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி விற்கலாம்.

ஆனால் நிரப்பித் தருகிற ஆலை கிடைக்க வேண்டும், அதுதான் சிக்கல். டெட்ரா பேக் இயந்திரம் வைத்திருப்பவர்கள் சிலரே, அவர்களும் உங்களுக்குப் போட்டியாளர்கள். ஒரு தடவைக்குக் குறைந்தபட்சம் எத்தனை லிட்டர் நிரப்புவார்கள், அச்சிட்ட அட்டை ரோல் எவ்வளவு வாங்கச் சொல்வார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஒத்துவரவில்லை என்றால் ஐஸ்கிரீம், யோகர்ட் தயாரிப்பவர்களுக்குக் கூழாகவே விற்கப் பாருங்கள். லாப வீதம் குறைவுதான், ஆனால் திரும்பி வரும் சரக்கு இல்லை.