பழைய எஸ்யூவி வாங்குகிறீர்களா? ரீகால், ஏர்பேக், கியர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

குடும்பத்துக்காகப் பழைய எஸ்யூவி வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல வருடம் பட்டறையில் இந்த வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்கும் வண்டி என்பதால், சில இடங்களில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லியிருப்பேன்.

கேள்வி: நான் பேசி வைத்திருக்கும் வண்டிக்கு இதுவரை நான்கு ரீகால் வந்திருக்கிறதாம். விட்டுவிடலாமா அண்ணா?

எண்ணிக்கையைப் பார்த்து விட வேண்டாம். ஒரு பாகத்தில் பாதுகாப்புக் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கம்பெனி தன் செலவில் சரிசெய்து தருவதுதான் ரீகால். நான்கு வந்து நான்கையும் முடித்த வண்டியை நான் தயங்காமல் வாங்குவேன். ஒன்றே ஒன்று வந்து, அதையும் செய்யாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டிதான் யோசிக்க வைக்கும்.

ரீகால் சேசிஸ் நம்பரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் கடிதம் கம்பெனியிடம் பதிவாகியிருக்கும் முகவரிக்குத்தான் போகும். வண்டி இரண்டு கை மாறியிருந்தால், உங்களுக்கு விற்கிறவருக்கே விஷயம் தெரியாமல் இருக்கலாம். அவரைச் சந்தேகப்படாதீர்கள், நம்பரைச் சோதியுங்கள்.

கேள்வி: எப்படிச் சோதிப்பது?

சேசிஸ் நம்பர் 17 இலக்கம். முன் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் ஓரத்தில், டிரைவர் பக்கக் கதவுத் தூணில், பதிவு ஆவணத்தில் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த நம்பரில் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 'ஓ' போலத் தெரிந்தால் அது பூஜ்யம்தான்.

கம்பெனியின் இணையதளத்தில் அந்த நம்பரைப் போடுங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள். "அதெல்லாம் செய்தாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. செய்ததற்கான ஜாப் கார்டு கேளுங்கள். வாங்கிய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நம்பரைப் போட்டுப் பாருங்கள். பத்து வருடம் ஓடிய வண்டிக்குக்கூடப் புது ரீகால் வரும்.

கேள்வி: டகாட்டா ஏர்பேக் பிரச்சினை பழைய கதைதானே சார்? இன்னுமா அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

பழைய வண்டி வாங்குகிறவருக்கு அது இன்றைய கதை. வண்டிக்கு வயது கூடக் கூட ஆபத்தும் கூடுகிற குறை அது.

ஏர்பேக்கை ஊதச் செய்வது இன்ஃப்ளேட்டர் என்கிற சிறிய உலோகக் குப்பி. ஏர்பேக் பாகங்கள் செய்த ஜப்பானியக் கம்பெனியான டகாட்டா, அதில் அம்மோனியம் நைட்ரேட்டை எரிபொருளாக வைத்தது. சூடும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் மாறி மாறிப் பட்டதில் அந்த ரசாயனம் சிதைந்தது. மோதலின்போது அது எரிய வேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். உலோகக் குப்பி வெடித்துச் சில்லுகளாகப் பறக்கும். சாதாரண மோதலில் தப்பித்திருக்க வேண்டியவர்கள் இந்தச் சில்லுகளால் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலில் வந்தன. டகாட்டா 2017-ல் திவால் மனு கொடுத்தது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா மாடல்களில், மோதினால் குப்பி வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சொன்னது. 2003 பைலட் எஸ்யூவியும் அந்தப் பட்டியலில் உண்டு.

இந்த ரீகால் பாக்கியிருந்தால், மாற்றிய பிறகுதான் வண்டியை எடுங்கள். வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இன்னும் அவசரம்.

கேள்வி: எங்கள் வண்டியில் ஏர்பேக் விளக்கு எரிவதே இல்லை. அப்படியென்றால் நல்லதுதானே?

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் உடனே காட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு வண்டியில் மீட்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஏர்பேக் விளக்கின் மேல் கறுப்பு டேப்பைச் சதுரமாக வெட்டி, அழகாக ஒட்டியிருந்தார்கள். அதை வாங்கியவர் இரண்டு வருடம் தன் பிள்ளைகளோடு அந்த வண்டியில் போய் வந்திருக்கிறார். விளக்கை மறைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கேள்வி: எனக்கு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கூடவே ஹாரனும் வேலை செய்வதில்லை.

இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்தான். ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால், வட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ரிப்பன் போலத் தட்டையான ஒயர் சுருண்டு கிடக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அது சுருண்டு, விரிந்து, ஒரு நாள் அறுந்துவிடும். ஹாரன், ஸ்டீயரிங் பட்டன்கள், டிரைவர் ஏர்பேக் மூன்றுக்கும் அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. ஹாரன் இல்லாமல் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஏர்பேக்கும் சேர்ந்துதான் செத்திருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கழற்றிய ஏர்பேக் பாகம் எதையும் போடாதீர்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டி. மெதுவாக ஊர்ந்து போகும்போது அதிர்கிறது. "இந்த மாடலே அப்படித்தான்" என்கிறார் விற்பவர்.

சில மாடல்கள் அப்படித்தான், அது உண்மை. அதற்காக நீங்கள் அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும் என்று இல்லை.

முதலில் எந்த வகை கியர் பெட்டி என்று கேளுங்கள். சிவிடி (பல்சக்கரங்களுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் கியர் பெட்டி) என்றால் கியர் ஆயில் மாற்றிய ரசீது வேண்டும். "ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்" என்ற பேச்சை நம்பி விட்டுவிட்டவர்கள்தான் பட்டறைக்கு அதிகம் வருகிறார்கள். இரட்டை கிளட்ச் வகை என்றால், நெரிசலில் ஊர்வதே அதற்கு ஆகாது. கிளட்ச் சூடாகித் தேயும். எதுவானாலும் குளிர்ந்த இன்ஜினில் ஒரு முறை, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். சூடான பிறகு அதிர்வு கூடினால் வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: பேட்டரியை வெளியில் மாற்றினேன். அதில் பயப்பட ஒன்றும் இல்லையே?

பானெட்டைத் திறந்து பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. 2013 முதல் 2018 வரையிலான டொயோட்டா ரேவ்4 வண்டிகளுக்கு 2023-ல் அமெரிக்காவில் வந்த ரீகால் இதைப் பற்றித்தான். மாற்றிப் போடும் பேட்டரிகளில் சிலவற்றின் மேல்பகுதி சிறியது. பிடிமானக் கிளாம்ப்பைச் சரியாக முடுக்காவிட்டால், வேகமாகத் திருப்பும்போது பேட்டரி நகர்ந்து பாசிட்டிவ் முனை அந்தக் கிளாம்ப்பிலேயே உரசும். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ரீகால் ஆன வண்டிகள் 18 லட்சத்துக்கும் மேல், காரணமோ ஒரு கிளாம்ப். உங்கள் வண்டி வேறு கம்பெனியாக இருந்தாலும் இதை ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: டிரைவர் பக்கக் கார்பெட் எப்போதும் ஈரமாக இருக்கிறது. வெயிலில் காய வைத்தால் போதுமா?

போதாது. தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். சன்ரூஃப் இருக்கிற வண்டி என்றால் அதன் மூலைகளில் வடிகால் துளைகள் இருக்கும்; தூசியும் இலைச் சருகும் அடைத்தால் தண்ணீர் தூண் வழியாக உள்ளே இறங்கும். துளையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள், வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும்.

ஈரம் நாற்றத்தோடு நிற்பதில்லை. 2014 முதல் 2016 வரையிலான நிசான் ரோக் வண்டிகளில், டிரைவர் காலடியில் சேர்ந்த தண்ணீரும் உப்பும் ஒயரிங் டேப் வழியாக ஏறி, கனெக்டரை அரித்து, தீப்பிடிக்கும் அபாயம் வரை போய் ரீகால் ஆனது.

கேள்வி: இன்ஜின் ஆயில் குறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு ஏறுகிறது!

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் ஆயிலில் கலக்கிறது. 2017, 2018 ஹோண்டா சிஆர்-வி 1.5 டர்போவில், குளிர் பிரதேசங்களில் குறுகிய தூரமே ஓட்டியவர்களுக்கு இது வந்தது. அமெரிக்காவில் வாரண்டியை நீட்டித்துக் கொடுத்தார்கள். டீசல் வண்டி என்றால், புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி சுத்தமாகி முடிவதற்குள் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது காரணமாக இருக்கலாம். எப்படியும் ஆயிலை மாற்றுங்கள், அப்புறம் வாரம் ஒரு முறையாவது நீளமாக ஓட்டுங்கள்.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

வேண்டாம். தேய்மான வித்தியாசம் அதிகமானால், இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும்.

கேள்வி: ரீகால் இருக்கிறது, ஆனால் பாகம் வரவில்லை, காத்திருங்கள் என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?

கடிதத்தை வரிக்கு வரி படியுங்கள். "ஓட்டாதீர்கள்" என்று இருந்தால் ஓட்டவே கூடாது. "வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள்" என்று இருந்தால் இன்று ராத்திரியிலிருந்தே திறந்த வெளியில் நிறுத்துங்கள். 2023-ல் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா இரண்டும் சேர்ந்து 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆகும்; அணைத்து நிறுத்திய வண்டியிலும் தீ வரலாம்.

இப்படிக் காத்திருக்கும் காலம்தான் ஆபத்தானது. 2014, 2015 ஜீப் கிராண்ட் செரோக்கியில் கியர் லிவர் எந்த கியர் போட்டாலும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். 'பார்க்' கியரில் போட்டுவிட்டோம் என்று நினைத்து இறங்குவார்கள், வண்டி உருளும். 2016 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சுமார் 11 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தார்கள். அந்த ஜூன் மாதம் நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டு வாசலிலேயே, உருண்டு வந்த தன் வண்டியிடம் சிக்கி இறந்தார். அவர் வண்டியும் அந்தப் பட்டியலில் இருந்ததுதான். அவருக்கு வயது 27.

பாகம் வரும் வரைக்கும் சர்வீஸ் சென்டரில் உங்கள் பெயரையும் சேசிஸ் நம்பரையும் பதிந்து, எழுத்தில் ரசீது வாங்கி வையுங்கள். மாற்று வண்டி தருவார்களா என்று கேளுங்கள், சில ரீகாலுக்குத் தருகிறார்கள். எந்த வண்டியானாலும் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகே இறங்குங்கள். குழந்தைகளை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க விடாதீர்கள்.