சொல் பிரிப்பவள் டாக்டராகத்தான் வேண்டுமா?

உங்கள் மகள் உயிரியல் புத்தகத்தில் வரும் நீளமான லத்தீன் சொற்களையெல்லாம் பென்சிலால் அசை பிரித்து வைக்கிறாள். அதைப் பார்த்த பெரியப்பாவும் அத்தையும் “இவள் டாக்டர்தான்” என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளோ அதே பக்கத்தில் இருக்கும் உடற்கூறு படங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழம்பிப்போய்க் கேட்கிறீர்கள்.

கவலை நியாயம்தான். ஆனால் உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சொல்லின் மேல் ஆசை வேறு, நோயாளியின் மேல் அக்கறை வேறு. முதலாவதை மட்டும் நம்பி, பல ஆண்டுப் படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள்.

மருத்துவத்தை ஒட்டிய மற்றப் படிப்புகளைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள், விடுகிறேன். நான் சொல்வது கணினி மொழியியல், அதாவது மனித மொழியைக் கையாளக் கணினிக்குக் கற்றுத்தரும் துறை. ஒரு சொல்லை வாசித்துக் காட்டவும், வரிக் கடைசியில் உடைக்கவும் கணினிக்கு அசையின் எல்லை தெரிய வேண்டும். முதுகெலும்புக் கண்ணியைக் குறிக்கும் ‘வெர்டிப்ரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின் அசையோடு சேரும். இரண்டு வந்தால் ஆளுக்கொரு பக்கம் போகும். ஆனால் ப், ட், க் போன்றவற்றை அடுத்து ர, ல வந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே பின்னால் போகும். ஆகவே வெர்-டி-ப்ரா. நடு அசை குறுகி நிற்பதால் அழுத்தம் ‘வெர்’ மேல் விழுகிறது. வெர்-டிப்-ரா என்று வெட்டினால் நடு அசை மெய்யில் முடிந்து கனத்துவிடும்; அழுத்தம் ‘டிப்’புக்குத் தாவி, உச்சரிப்பே கெட்டுவிடும். செய்யுளை அலகிட்டுப் பழகிய பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். அப்புறம் ‘நாக்குக்கு அடியில்’ என்று பொருள்படும் ‘சப்லிங்குவல்’. விதிப்படி ‘ப்ல’ பிரியக்கூடாது. ஆனால் ‘சப்’ முன்னொட்டு என்பதால் அங்கேதான் வெட்ட வேண்டும்.

ஆங்கிலச் சொற்களைக் கணினி எங்கே உடைக்கலாம் என்பதற்காகவே ஃபிராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் ஆய்வேடு எழுதினார். எங்கே உடைக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் சுமார் 4,500 எழுத்துக் கோலங்களை அவர் உருவாக்கினார்; அவை ‘டெக்’ அச்சுக்கோப்பு மென்பொருளில் இடம்பெற்றன. உச்சரிப்பு அகராதி, வாசிக்கும் மென்பொருள், பேச்சறிதல் எல்லாவற்றிலும் இந்த மாதிரி வேலை உண்டு. மொழி ஆர்வம் மட்டும் போதாது, நிரல் எழுதவும் வர வேண்டும். மொழியியலோ கணினி அறிவியலோ படித்து, கூடவே பைத்தான் என்ற நிரல்மொழியும் கற்கட்டும்.

அத்தைக்குப் பதில் சொல்வது இருக்கட்டும். பிரித்த சொற்களுக்கு அவளையே விதி எழுதச் சொல்லுங்கள், விதிக்கு அடங்காதவற்றையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அதில் அவள் மூழ்கிவிட்டால் விண்ணப்பத்தை மொழியியலுக்குப் போடுங்கள். இல்லை, மருத்துவம்தான் வேண்டும் என்று அவளே சொன்னால், முழுக் கட்டணக் கணக்கையும் எடுத்துக்கொண்டு அவளோடு வாருங்கள்.