குழந்தை நட்சத்திரங்களும் சட்டமும்: வாசகர் கேள்விகள்

மகளுக்கு ஒன்பது வயது. சீரியலுக்குக் கேட்கிறார்கள். 14 வயதுக்குள் வேலைக்கு அனுப்புவது குற்றமாமே?

பொதுவாகக் குற்றம்தான். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சினிமா, சீரியல், விளம்பரங்களுக்கு விலக்கு தந்திருக்கிறது, சர்க்கஸுக்குக் கிடையாது. ஆனால் படிப்பு கெடக்கூடாது, ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த அனுமதியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து மணி நேரம் என்பது கேமரா முன்னால் நிற்கும் நேரம் மட்டும்தான் என்கிறார் மேனேஜர். சரியா?

தவறு. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, இதுதான் விதி. கேமரா என்ற பேச்சே அதில் இல்லை. மேக்கப் போட்டு உட்கார வைத்திருப்பதையும் வேலையாகத்தான் நான் கணக்கிடுவேன். வந்த நேரம், போன நேரத்தை நோட்டில் எழுதி வையுங்கள்.

வெளியூரில் ஒரே மூச்சாக 35 நாள் ஷெட்யூல். போகலாமா?

கூடாது. தொடர்ந்து 27 நாள்தான் உச்சம்.

பையனின் சம்பளத்தில் 20 சதவீதத்தை டெபாசிட் போடாமல் முழுவதையும் என் கணக்கிலேயே தரச் சொல்லலாமா? அப்பா நான்தானே?

முடியாது. வாரம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது, எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், குழந்தையின் பெயரில், நேரடியாக நிரந்தர வைப்பாகப் போக வேண்டும் என்று 2017 விதி சொல்கிறது. பணம் அவன் 18 வயதில் எடுத்துக்கொள்ள. சாப்லினோடு நடித்த ஜாக்கி கூகனின் கதை தெரியுமா? சிறுவயதில் முப்பது, நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்தவர், பெரியவனானபோது பணம் கரைந்திருந்தது. 1938இல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டு, கடைசியில் கைக்கு வந்தது ஒன்றேகால் லட்சம் சொச்சம். அந்தக் கொதிப்பில்தான் குழந்தை நடிகர்களின் சம்பளத்தைக் காக்க 1939இல் கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தது. நம் விதியில் மீதி 80 சதவீதம் ஏற்கெனவே உங்கள் கைக்கு வரலாம், அதில் பள்ளிக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இருபதிலும் கை வைக்கக் கேட்பது எனக்குப் புரியவே இல்லை. கோஆர்டினேட்டர் ரொக்கமாகத் தந்தால் வாங்காதீர்கள், ரொக்கம் வந்தால் டெபாசிட்டுக்குத் தடயமே இருக்காது. முதல் சம்பளத்தோடு வைப்பு ரசீதின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். என்ன செய்ய?

வயது எழுதவில்லை, கையெழுத்துப் போட்டது யார் என்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை போட்ட ஒப்பந்தம் செல்லாது, 1903இலேயே பிரிவி கவுன்சில் (அன்று நமக்கும் உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் அமைப்பு) முடிவு செய்த விஷயம். நீங்கள் உங்கள் பெயரில் போட்டிருந்தால் அது வேறு கதை, தாளோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வருமான வரி யார் கணக்கில்?

திறமையால் சம்பாதித்தது குழந்தையின் சொந்த வருமானம், பெற்றோர் வருமானத்தோடு சேராது. அந்த டெபாசிட்டின் வட்டி மட்டும் உங்களோடு சேரும். குழந்தை பெயரில் பான் எடுத்துவிடுங்கள்.

மகன் செட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுகிறான். இன்னும் நான்கு நாள்தான் பாக்கி.

அனுப்பாதீர்கள். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஏன் அழுகிறான் என்று தனியாக உட்கார்த்திக் கேளுங்கள், யாராவது அடித்தார்கள், தொட்டார்கள் என்று தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098.