வாசகர் கேள்வி–பதில்: பட்டறையில் ஒரு மேசை

(வீரவநல்லூரில் பிறந்து, பல வருஷமாகப் பெர்லினில் வாழும், பலகையில் படம் செதுக்கி மை தடவிக் காகிதத்தில் அச்செடுக்கும் மரச்செதுக்கு ஓவியர், ஆனித் தேருக்கு ஊர் வந்திருக்கிறார். இந்த இதழில் வாசகர்களுக்கு அவர் பதில் சொல்கிறார்.)

கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு மேல்படிப்புக்கு பெர்லின் போகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? அங்கே படம் போட மனம் பழக எத்தனை நாளாகும்?
– வாசகர், தென்காசி

தம்பி, முதலில் காகித வேலை. குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீடு தந்தவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். எனக்கு முதல் அறையை உள்வாடகைக்கு விட்டவர் அதைத் தரவே இல்லை. வரி எண் வரவில்லை, வங்கிக் கணக்குத் திறக்க முடியவில்லை, மூன்று மாதம் அலைந்தேன். கடிதம் தருவார்களா என்று கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மனம் பழகுவதுதான் கஷ்டம். நான் போனது நவம்பர். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும். பகலிலும் மேகம் மூடிக் கிடக்கும். கன்னடியன் கால்வாய்க் கரை வெயிலில் உட்கார்ந்து கோடு பழகியவள் நான். மரச்செதுக்கில் வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நிழலே விழாத வெளிச்சத்தில் எதை வெட்ட, எதை விட? நாலு மாதம் பலகையையே தொடவில்லை.

என்னை அறையிலிருந்து வெளியே இழுத்தது க்ராய்ட்ஸ்பெர்க்கில் உள்ள அச்சுப்பட்டறை. பெத்தானியன் என்ற பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஓவியர் சங்கம் நடத்துகிறது. கட்டணம் கட்டினால் அச்சு இயந்திரத்தில் நாமே வேலை செய்யலாம். அங்கே அறுபது வயதுக்காரரையும் 'டூ', அதாவது 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணாச்சி என்றே பழகிய வாய்க்கு அது வர ஒரு வருஷம் ஆயிற்று. ஆனாலும் மை உருளை துடைக்கும் இடத்தில் பேசிப் பேசித்தான் என் ஜெர்மன் வளர்ந்தது. போனதும் நண்பர்களைத் தேடி அலையாதீர்கள், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு மேசையைத் தேடுங்கள்.

அப்புறம், அரசு அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு அடையாள அட்டையோடு போனால், 500 வருஷத்துக்கு முன் ஜெர்மன் ஓவியர் டியூரர் செய்த மரச்செதுக்கு அச்சுகளையே எடுத்து வந்து நம் முன்னால் வைப்பார்கள். வானத்தை வெறும் கிடைக்கோடுகளால் நிரப்பியிருந்தார். சூரியன் தெரியாத வானத்தையும் இப்படி வெட்டலாமே என்று தோன்றியது. அன்று சாயங்காலமே பலகையை எடுத்துவிட்டேன்.

படிப்பு முடிந்து கலையையே தொழிலாக வைத்துக்கொண்டால், 1983 முதல் இயங்கும் கலைஞர் காப்பீட்டு நிதியில் சேர விண்ணப்பியுங்கள். மருத்துவம், ஓய்வூதியம் இரண்டுக்கும் சந்தாவில் பாதி நாம் கட்டினால் போதும். மீதி அரசிடமிருந்தும், கலைஞர்களிடம் வேலை வாங்கும் நிறுவனங்களிடமிருந்தும் வரும்.

என் மகள் பெர்லினில் வடிவமைப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போதெல்லாம் அழுகிறாள். என்ன சொல்வது?
– வாசகி, சேரன்மகாதேவி

அக்கா, அங்கே ஞாயிறு கடைகள் அடைத்துக் கிடக்கும், தெருவே ஓய்ந்திருக்கும். எனக்கும் அந்த நாள்தான் ஆகாது. சனிக்கிழமையே தேங்காய்ப்பால் டப்பாவும் பாசிப்பருப்பும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலை சொதி வைக்கட்டும். கெட்டிப்பாலை எப்போது ஊற்ற, எலுமிச்சையை எப்போது பிழிய என்று போனில் நீங்கள் கூடவே இருந்து சொல்லுங்கள். வகுப்பில் இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிடட்டும். பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர் கட்டிய முருகன் கோயில் இருக்கிறது, அங்கேயும் போய் வரட்டும்.

தூரத்தில் இருந்துகொண்டு நம்ம ஊரையே வரைவது சரியா?
– வாசகர், வள்ளியூர்

வரையலாம். ஆனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெர்லினில் ஒரு கண்காட்சிக்கு நினைவிலிருந்து பனைமரம் ஒன்று செதுக்கினேன். 20 பிரதிகளும் விற்றன. எல்லாரும் பாராட்டினார்கள், நானும் நம்பிவிட்டேன். ஊருக்கு ஒரு பிரதி கொண்டுவந்தேன். வீட்டுக்கு நுங்கு கொண்டுவந்த பனையேறி அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஆம்பளப் பனையா, பொம்பளப் பனையாம்மா?" என்று கேட்டார். ஆண்பனைபோல விரல் விரலாகப் பாளையும் இருந்தது, பெண்பனைபோலக் குலை குலையாக நுங்கும் இருந்தது. ஒரே மரத்தில் இரண்டும் வராது. பனங்காட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது மறந்துபோயிருந்தது. அன்றிரவு தூங்கவில்லை.

அந்தப் பலகையில் பிறகு மை தடவவே இல்லை. இந்த முறை வெற்றுப் பலகை இரண்டு கொண்டுவந்திருக்கிறேன், ஆண்பனைக்கு ஒன்று, பெண்பனைக்கு ஒன்று. அண்ணாச்சி காலை ஐந்தரைக்கு மரம் ஏறப் போவாராம். நாளைக்கு அவரோடு போகிறேன்.