காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் வலிக்கிறது. நடையைப் பார்த்தே காரணம் தெரியுமா?

நடை பாதிதான் சொல்லும். மீதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளி இருந்தும் பலருக்கு முட்டி தொடும். வலிக்கும் காலில் இந்த இடைவெளி மற்ற காலைவிட 2 செ.மீ.க்கு மேல் குறைந்தால் கெண்டைச்சதை இறுக்கத்தைச் சந்தேகிக்கலாம். கணுக்கால் மடங்காததைப் பாதம் உள்பக்கம் சரிந்து ஈடுகட்டும். அதனால் குதிகால் முதல் விரல்கள் வரை செல்லும் உள்ளங்கால் சவ்வு ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு, குதிகால் வலிக்கலாம். சோதனையின்போதே பாதம் அப்படிச் சரிந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், கவனம்.

அடுத்து, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அது உள்நோக்கித் திரும்புவது தெரிய வேண்டும். திரும்பாவிட்டால் உள்வளைவைத் தாங்கும் தசைநாணில் கோளாறு இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெறும் இறுக்கம் என்றால், கெண்டைச்சதையை முட்டி நீட்டியும் மடக்கியும் 30 வினாடி நீட்டுங்கள். மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; ஆழத்துத் தசை அப்போதுதான் நன்றாக நீளும்.