பழைய ஜீப்பில் புரொப்பல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் ஓட்டத்தை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் அடிக்கடி போகிறது. கிராஸ் என்பது ஷாஃப்ட் சாய்ந்து நின்றாலும் சுற்றவிடும் கூட்டல்குறி வடிவ இணைப்பு. எந்தக் கிராஸ் போட்டாலும் நிற்கவில்லை. என்ன செய்வது?

நீங்கள் சொல்வது: பழைய மஹிந்திரா எம்எம்540, உயரம் ஏற்றியிருக்கிறீர்கள், பின் ஷாஃப்டில் கிராஸ் சில மாதத்துக்கு ஒருமுறை போகிறது, விலை கூடிய கிராஸ் போட்டும் அதே கதை. எங்கள் ஏலத்தோட்ட ஜீப்பும் இப்படித்தான் படுத்தியது. இனிமேல் கிராஸ் கம்பெனியை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அதைத் தின்பது வேறு ஏதோ ஒன்று.

முதலில், கழற்றிய பழைய கிராஸைத் துடைத்துப் பாருங்கள். கிராஸ் கையின் முனையை மூடும் கப்புக்குள் செம்மண் நிறத்தில் தூள் இருந்தால் கிரீஸ் போகவில்லை அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது. ஊசி பேரிங் பதிந்து வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் அளவுக்கு மீறிய சுமை அல்லது கோணம். கிராஸ் கையே முறிந்திருந்தால் பாறையில் சக்கரம் சுற்றிவிட்டுச் சட்டென்று பிடித்த அடியாக இருக்கலாம். நான்கு கைகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் கப்புக்குக் கிரீஸ் போய்ச் சேரவில்லை.

எங்கள் வண்டியில் இருந்தது வரிப்பள்ளம். காரணம் ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும் கோணம். முன்பு வைத்திருந்தவர் வண்டியை உயர்த்த நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் இணைப்பு) மாட்டியிருந்தார். ஷேக்கிள் நீண்டால் வண்டி உயர்வதோடு ஆக்சிலும் சற்று உருண்டு, பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் பல்சக்கரம்) முகம் திரும்பிவிடும். குட்டை ஜீப்பில் பின் ஷாஃப்டும் குட்டை. 50 செ.மீ. ஷாஃப்டில் 5 செ.மீ. உயர்த்தினால் கிட்டத்தட்ட 6 டிகிரி கூடுகிறது. ஒரு மீட்டர் ஷாஃப்ட் என்றால் 3 டிகிரிக்குள் முடிந்துவிடும். அதனால்தான் நீள வண்டிக்காரர் "நானும் உயர்த்தினேன், ஒன்றும் ஆகலையே" என்பார்.

கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. 20 டிகிரியில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை சுமார் 6 சதவீதம் வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் மறுமுனைக் கிராஸ் அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக் காதுகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. கிரீஸ் போடுவதற்காக ஸ்லிப் யோக்கை (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் பல் வெட்டிய மூட்டு) உருவி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பல ஷாஃப்டில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால் உருவும் முன் நீங்களே பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

கோணம் அளக்க பெரிய கருவி வேண்டாம், மொபைலில் சாய்வு பார்க்கும் ஆப் போதும். வண்டி சமதரையில் தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கும்போது அளந்தால் அந்தக் கணக்கு குப்பைக்குத்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சிலுக்கு ஓட்டத்தைப் பிரித்துவிடும் பெட்டி) ஃபிளாஞ்சையும் பினியன் ஃபிளாஞ்சையும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் இணையாக, வித்தியாசம் 1 டிகிரிக்குள் வர வேண்டும். அதிகமிருந்தால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு போலச் சரிந்த தகடு வைத்துத் திருப்பலாம். இரும்புத் தகடே கேளுங்கள். அலுமினியம் காட்டு ரோட்டில் விரிசல் விடும். முன் ஆக்சிலில் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், ஸ்டியரிங் காஸ்டர் (ஸ்டியரிங் தானே நேராகத் திரும்பி வர உதவும் சாய்வு) கெட்டுப்போகும். நாங்கள் ஷேக்கிளைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டோம். அழகு கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

அளப்பதற்கு முன் பட்டை புஷ், சென்டர் போல்ட், இன்ஜின் மவுண்ட் எல்லாம் ஆட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேய்ந்த புஷ்ஷோடு கோணம் சரிசெய்தால் ஆக்சிலரேட்டர் மிதித்ததும் அது மாறிவிடும்.

அப்புறம் மாட்டும் முறை. சில பட்டறைகளில் சுத்தியலால் அடித்தே கிராஸை இறக்குவார்கள். யோக் காது கொஞ்சம் விரிந்தாலும் புதுக் கிராஸ் முதல் நாளிலிருந்தே இறுகி நிற்கும். வைஸில் வைத்து அழுத்திப் போடச் சொல்லுங்கள். கப்பைப் பிடிக்கும் லாக் உட்காரவில்லை என்றால் உள்ளே ஓர் ஊசி சரிந்து படுத்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றிப் பாருங்கள், மேலும் அடிக்காதீர்கள். மாட்டிய பிறகு கையால் நான்கு பக்கமும் ஆட்டினால் ஒரே மாதிரி அசைய வேண்டும். கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்க வேண்டும். ஆறு, ஓடை கடந்து வந்தால் அன்றைக்கே அடித்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை: காய்ந்த தார் ரோட்டிலும் ஃபோர்வீலைப் போட்டே ஓட்டுகிறீர்களா? இந்த வண்டிகளில் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன் பின் சக்கரங்கள் வளைவில் வெவ்வேறு தூரம் ஓட, அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டில்தான் ஏறும். அப்படி ஓட்டினால் முன் ஷாஃப்ட் கிராஸையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.